சுண்டெலிக்கு எக்கோ எடுக்கும் கை

நேயர்களுக்கு வணக்கம்.

இப்போது ஒரு பைக்குள் அடங்கிவிடும் ஈசிஜி கருவி, ஒரு காலத்தில் சுமார் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் உருவாக்கியது அது. நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோக வழியில்லை. மருத்துவமனையோ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. 1905-இல் மனிதர் ஒரு வேலை செய்தார்: தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் இதய மின்னோட்டத்தைத் தன் ஆய்வுக்கூடத்துக்கே வரவழைத்துவிட்டார். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் பொது ஆய்வுக்கூடங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டதும் எனக்கு அந்தக் கம்பிதான் நினைவுக்கு வந்தது. விலையோ அதிகம், ஓட்டத் தெரிந்தவர்களோ குறைவு. அப்படிப்பட்ட கருவிகளை ஒரே இடத்தில் வைத்து, எல்லாத் துறைக்காரர்களும் முன்பதிவு செய்து, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிப் பயன்படுத்துகிறார்கள். கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் என்று பட்டியல் நீளும். சரி, பட்டியலை விடுவோம். ஓர் அறைக்குள் போய்ப் பார்க்கலாம்.

மேடைமேல் ஒரு சுண்டெலி மயக்கத்தில் படுத்திருக்கிறது. அதன் இதயம் நிலக்கடலைப் பருப்பைவிடச் சின்னது. விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் துடிக்கும். எக்கோ என்பது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிப்பது. நமக்கு அதை எடுக்கச் சில மெகாஹெர்ட்ஸ் ஒலி போதும். இங்கே 30-க்கு மேல் வேண்டும். அதிர்வெண் ஏற ஏறப் படம் நுணுக்கமாகும், ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. சுண்டெலிக்கு ஆழம் எதற்கு?

சிக்கல் வேறு இடத்தில். மயக்க மருந்து கொஞ்சம் கூடினாலும், உடம்பு குளிர்ந்தாலும் துடிப்பு இறங்கிவிடும். அப்போது அளந்தால் நல்ல இதயமும் நோஞ்சான் இதயமாகத் தெரியும். அதனால்தான் மேடையைச் சூடாக வைத்திருக்கிறார்கள். படம் எடுப்பவர் ஒரு கண்ணைத் திரையிலும் இன்னொரு கண்ணைத் துடிப்பு எண்ணிலும் வைத்திருப்பார். எந்த எலிக்குச் சோதனை மருந்து கொடுத்தோம் என்பதை அவருக்குச் சொல்லக் கூடாது. தெரிந்தால் அவரை அறியாமலே அளவு ஒரு பக்கம் சாயலாம்.

மாணவனாக இருந்தபோது கூடத்துக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, மருந்து கொடுத்த எலிகளை நானும் கொடுக்காதவற்றை என் நண்பனுமாக அளந்தோம். மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது என்று குதித்தோம். அப்புறம் ஒரே ஆள் எல்லாவற்றையும் அளந்து பார்த்தபோது வித்தியாசம் காணாமல் போனது. அது மருந்தில் இல்லை, எங்கள் இரண்டு பேரின் கையில் இருந்திருக்கிறது!

பக்கத்து அறையில் செல்களைப் பிரித்தெடுக்கும் கருவி. ரத்த வெள்ளணுக்கள் பத்துப் பதினைந்து மைக்ரான்தான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒவ்வொன்றாக லேசர் ஒளியைத் தாண்டி ஓடிவிடும். வளர்ந்த இதயத் தசைச் செல் அப்படியல்ல. செங்கல் மாதிரி, 100 மைக்ரானுக்கு மேல் நீளம். கருவியின் துளை பெரும்பாலும் 70 அல்லது 100 மைக்ரான். தெரியாமல் ஊற்றினால் செல் உடையும், இல்லை துளை அடைக்கும். கூடத்துக்காரர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "செல்லைக் கொண்டு வராதீங்க, உட்கருவை மட்டும் பிரிச்சு எடுத்துட்டு வாங்க." இந்த ஒரு வாக்கியம் ஒரு மாணவனுக்கு மூன்று மாதத்தை மிச்சப்படுத்தும்.

ஆனால் பாருங்கள், கருவி வாங்க நிதி எப்படியோ கிடைத்துவிடுகிறது. இப்படிச் சொல்லத் தெரிந்தவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் இழுபறி. ஆய்வுக் கட்டுரையில் கருவியின் மாடல் எண் வரும், அவர் பெயர் பல நேரம் வராது. எனக்கு இதில் கோபம் உண்டு.

இப்போது ஒரு கூடத்தில் நானும் பொறுப்பில் இருக்கிறேன். புதிதாக வரும் மாணவர்களிடம், முதல் நாள் எலியையோ செல்லையோ எடுத்துவராமல் வெறுங்கையோடு வாருங்கள் என்பேன். படம் எடுப்பவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த மணி நேரத்துக்கு நாங்கள் கட்டணம் போடுவதில்லை.

நன்றி, வணக்கம்.