பெரி செயின்ட் எட்மண்ட்ஸ்: மடத்து வாசல்ல எதுக்கு அம்புத் துளை?

போன காணொளிக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா மனசுலயே நிக்குது. "இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல இருந்து பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊருக்குப் போய்ட்டு வந்தீங்களே, புனித எட்மண்டைப் புதைச்ச ஊருங்கறதாலதான் அந்தப் பேரா? சுத்திப் பாக்க ஒரு நாள் போதுமா?" அப்படின்னு ஒருத்தர் கேட்டிருந்தார்.

பேருக்குக் காரணம் அது இல்லைங்க. இந்த 'பெரி'க்கும் ஆங்கிலத்துல புதைக்கிறதுக்கான சொல்லுக்கும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு, அதனால அப்படித் தோணுறது இயல்புதான். ஆனா இது 'புர்ஹ்'ங்கற பழைய சொல்லுல இருந்து வந்தது. மதில் கட்டிக் காவல் போட்ட இடம்னு அர்த்தம். கேன்டர்பரி, சாலிஸ்பரி இதுலல்லாம் வர்ற 'பரி'யும் அதேதான். எட்மண்ட் உடம்பு அங்கே இருந்தது உண்மை. இங்கிலாந்தோட கிழக்குப் பக்கம் அப்போ இருந்த கிழக்கு ஆங்கிலியாங்கற ராஜ்யத்தோட ராஜா அவர். 869-ல டேனிஷ் படை அவரைக் கொன்னுச்சு. அப்புறம் உடம்பை இந்த ஊருக்குக் கொண்டு வந்தாங்க, கும்பிட ஜனங்க வர ஆரம்பிச்சாங்க, பெரிய மடம் எழும்புச்சு.

ஜனங்க கூடுற இடத்துல சந்தை கூடும். பக்கத்துல இருக்கிற லவென்ஹாம்ங்கற ஊரைப் பத்திப் பேசினப்பவும் இதைத்தான் சொன்னேன், திரும்பவும் சொல்றேன்: சந்தை ஊருக்குப் போனா, இங்கே சுங்கம் யார் கைக்குப் போச்சுன்னு முதல்ல கேளுங்க. லவென்ஹாம்ல சந்தை உரிமை டி வியர் பிரபுக் குடும்பத்துக்கிட்ட இருந்துச்சு. இங்கே மடத்துக்கிட்ட. சந்தை மட்டுமில்ல, தெருவும் மடத்தோடதுதான். 11-ஆம் நூற்றாண்டுல பால்ட்வின்ங்கற மடாதிபதி கட்டம் கட்டமாப் போட்ட தெருக்கள்லதான் நாம இன்னிக்கும் நடக்கிறோம்.

அப்போ ஊர்க்காரங்க எப்படி இருந்திருப்பாங்க? 12-ஆம் நூற்றாண்டுக் கடைசியில அந்த மடத்துலயே இருந்த ஜாஸ்லின்ங்கற துறவி ஒரு சம்பவம் எழுதி வச்சிருக்கார். அறுவடைக் காசுன்னு வீட்டுக்கு ஒரு பென்னி மடத்துக்குக் கொடுக்கணும். கொடுக்காத ஏழை வீடுகள்ல மடத்து ஆளுங்க புகுந்து முக்காலி, கதவுன்னு கையில கிடைச்சதைத் தூக்கிட்டுப் போவாங்க. அப்போ கிழவிங்க நூல் நூற்கிற தடியோட வெளியே ஓடி வந்து, வாயில வந்தபடி ஏசி மிரட்டுவாங்களாம். அதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலை. வீட்டுக் கதவைக் கழட்டிட்டுப் போனா ராத்திரி அந்தக் குளிர்ல எப்படிப் படுப்பாங்க?

அதனாலதான் சொல்றேன், நீங்க பேரைப் பத்திக் கேட்டீங்க, ஆனா நான் எதிர்பாத்த கேள்வி வேற. சாமி கும்பிடுற மடத்து வாசல்ல எதுக்கு அம்புத் துளை? ஏஞ்சல் ஹில் மைதானத்துல நின்னு அந்தப் பெரிய வாசலை அண்ணாந்து பாருங்க. சிலைங்க நின்ன மாடங்களுக்குப் பின்னால ஒடுக்கமா பிளவு தெரியும், அம்பு எய்யறதுக்கு. மேலிருந்து இறக்கி அடைக்கிற கம்பிக் கதவுக்கும் வழி வச்சிருக்காங்க. அந்நியப் படைக்குப் பயந்து கட்டினது இல்லைங்க அது. 1327-ல ஊர் ஜனங்களே மடத்துக்குள்ள புகுந்து சூறையாடினாங்க. பழைய வாசல் அதுல போச்சு. இப்போ நாம பாக்கிறது அதுக்கப்புறம் எழுப்பினது. எதிர்ல கடை போட்டிருந்தவங்களை மனசுல வச்சுக் கட்டின வாசல் அது. அவ்வளவு சண்டை போட்டும் தங்களைத் தாங்களே ஆளுற உரிமை அவங்களுக்கு 1606-லதான் வந்துச்சு, மடம் ஒழிஞ்சு எத்தனையோ வருஷம் கழிச்சு.

மடத்தை ராஜா எட்டாம் ஹென்றி 1539-ல மூடினார். அப்புறம் அந்தக் கல்லு ஊருக்குள்ள வீடு கட்டப் போயிருச்சு. இப்போ தோட்டத்துக்குள்ள நிக்கிற தூண்கள்ல செதுக்கின முகப்புக் கல்லே கிடையாது. உள்ளே நிரப்பின சுண்ணாம்புக் காரையும், கறுப்பு வெள்ளையா கூரு கூரான சக்கிமுக்கிக் கல்லும்தான் மிச்சம். என்கூட வந்த அத்தை அதைத் தடவிப் பாத்துட்டு, "என்னம்மா இது, தோலை உரிச்ச மாதிரி நிக்குது?"ன்னாங்க. எனக்கு அதைவிட நல்லா சொல்லத் தெரியலை. கொஞ்சம் தள்ளிப் போனா மடத்துத் தேவாலயத்தோட மேற்கு முகப்பு. அந்த மொட்டை இடிபாட்டுக்குள்ளேயே வீடுகளைச் செருகிக் கட்டியிருக்காங்க. ராட்சச வளைவுக்கு நடுவுல சின்னதா வெள்ளைச் சட்டம் போட்ட ஜன்னல்! அந்தக் கிழவிங்க யாராவது இதைப் பாத்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டே ரொம்ப நேரம் நின்னேன்.

ஒரு நாள் தாராளமாப் போதும். கேம்பிரிட்ஜ்ல இருந்து ரயில்ல முக்கால் மணி நேரம். குளிர்காலமா இருந்தா பீட்ரூட் சர்க்கரை ஆலைப் புகை தூரத்துலயே தெரியும், காத்துல ஒரு தித்திப்பு வாசனையும் வரும். ஸ்டேஷன்ல இருந்து நடந்தே ஊருக்குள்ள போயிரலாம். ஆனா புதன் இல்லன்னா சனிக்கிழமை போங்க, அந்த ரெண்டு நாளும்தான் சந்தை. கார்ன்ஹில்னா தானியம் வித்த இடம், பட்டர்மார்க்கெட்னா வெண்ணெய் வித்த இடம், இன்னிக்கும் கடை போடுறது அங்கேதான். பக்கத்துலயே 12-ஆம் நூற்றாண்டுக் கல் வீடு, மாய்ஸஸ் ஹால், இப்போ அருங்காட்சியகம். அதை மத்தியானத்துக்கு வச்சுக்குங்க. சந்தையைக் காலையிலயே பாத்துருங்க, சாயங்காலமானா கடையெல்லாம் கட்டிருவாங்க.