பாதீட்டில் எங்கள் சுவருக்கும் ஓர் இடம்

(மாங்குளம் – முல்லைத்தீவு வீதியை அண்டிய கிராமமொன்றில் இயங்கும் கலைக்கூடத்தின் ஆண்டு விழாவில், அதன் செயலாளரான ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வருகை தந்திருக்கும் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, சிறப்பு விருந்தினர்களான பிரதேச செயலாளர் அவர்களே, வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கலாசார உத்தியோகத்தர், கிராம அலுவலர் ஆகியோரே, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி அவர்களே, இன்றிரவு கோவலன் கூத்தை ஆட்டுவிக்கவிருக்கும் அண்ணாவியார் ஐயா அவர்களே, பெற்றோர்களே, நான் படிப்பித்த பிள்ளைகளே, அவர்கள் பெற்ற பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எவருடைய பெயரையும் பதவியையும் விட்டிருந்தால் அதை என் வயதின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மங்கல விளக்கேற்றியதும் வேறொரு வைபவத்திற்குச் செல்ல வேண்டும் என்று அறிவித்திருந்த தவிசாளர் அவர்கள், இன்னும் முன்வரிசையில் அமர்ந்திருப்பது எமக்குப் பெருமகிழ்ச்சி. அவர் இருந்தது எவ்வளவு நல்லதாயிற்று என்பதை என் பேச்சின் பிற்பகுதியில் அவரே உணர்வார்.

ஒரு கலைக்கூடத்தை நடத்துவது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். சுவர், ஆட்கள், பணம் என்று மூன்று தலைப்புகளில் பேசுவதாக எண்ணி வந்திருக்கிறேன். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம்முடைய பழமொழி. வகுப்பறையில் இதை என்னிடம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். பின்வரிசையில் சிரிப்பதும் எனக்குத் தெரிகிறது. உடம்பைப் பேண வேண்டும் என்று சொல்வதற்கே இப்பழமொழியை எல்லோரும் எடுத்தாளுவார்கள். நான் சுவரைப் பற்றியே, சித்திரத்தைப் பற்றியே சொல்கிறேன்.

உங்களுக்கு முன்னால் இருக்கும் இந்தச் சுவர் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய நெற்களஞ்சியத்தினுடையது. கூரை போய், மற்ற மூன்று பக்கமும் இடிந்து, இந்த மேற்குச் சுவர் மட்டும் அறுபது அடி நீளத்திற்கு எஞ்சி நின்றது. இதைச் சுற்றித்தான் மண்டபத்தைக் கட்டினோம். மண்டபத்தைக் கட்டிவிட்டு அதை அழகுபடுத்துவதற்காக ஓவியம் வரைந்த இடங்கள் உண்டு. இங்கே ஓவியத்திற்காகவே மண்டபம் எழுந்தது. ஆனால் ஓவியம் மண்டபத்தின் உள்ளே இல்லை. வீதியால் போகிறவரும் பார்க்க வேண்டும் என்று ஊர் கேட்டதால், சுவரின் வெளிப்புறத்தில் வெயிலையும் மழையையும் நேரே பார்த்தபடி இருக்கிறது.

சீகிரியாவின் ஓவியங்கள் காசியப்ப மன்னன் காலத்தவை, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவை இன்றும் இருப்பதற்கு ஓவியனின் கைத்திறன் மட்டும் காரணமன்று. அவற்றின் மேலே பாறை நீண்டு நின்று மழையை மறிக்கிறது. இந்தத் தீவின் பழைய குகைகளில் வாசலுக்கு மேலே பாறையில் ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள், வழிந்து வரும் மழைநீர் உள்ளே புகாமல் அங்கேயே சொட்டி விழுவதற்காக. வவுனியா பெரியபுளியங்குளத்தில் விசாக என்னும் தமிழ் வணிகனின் பெயர் குகைக் கல்வெட்டில் இருக்கிறது என்பதைச் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குகையில் பெயர் பொறித்த அந்தக் காலத்திலேயே தண்ணீரை எங்கே வெட்டித் திருப்புவது என்று அறிந்திருந்தார்கள். நாங்கள் சீமெந்தும் தகரமும் வைத்திருந்தும், மூன்றடித் தாழ்வாரம் ஒன்றை இந்தச் சுவருக்கு இறக்க முடியாமல் நிற்கிறோம்.

கூட்டம் முடிந்ததும் வெளியே போய்ச் சுவரின் இடது மூலையில் குனிந்து பாருங்கள். குளத்துத் தாமரைகளின் அடியில் வெள்ளையாக மாப்போல ஒன்று பூத்திருக்கிறது. விரலால் தொட்டால் தூளாக வரும். நாக்கில் வைத்தால் கரிக்கும். நிலத்தின் ஈரம் சுவருக்குள் ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு ஏறுகிறது. வெயிலில் ஈரம் காய்ந்துவிட, உப்பு மட்டும் பூச்சின் அடியில் கட்டியாகித் தீந்தையைத் தள்ளிக் கழற்றுகிறது. ஒரு தாமரை இலை முழுதாக உரிந்து விழுந்துவிட்டது. ஈரம் புகாத விலையுயர்ந்த பெயின்ற் ஒன்றை மேலே பூசிவிடலாம் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உள்ளே அடைபட்ட ஈரம் கொப்புளமாக வெளிக்கிளம்பும். அடியில் வடிகான் வெட்டி நீரை அப்பால் கொண்டுபோக வேண்டும். பழுதான சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். மேலே தாழ்வாரம் இறக்க வேண்டும். மாரி தொடங்கிவிட்டால் தை மாதம் வரை இதில் ஒன்றையும் செய்ய இயலாது.

இனி ஆட்கள். இந்த ஓவியத்தை வரைந்த கதையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆனால் விருந்தினர்கள் அறியமாட்டார்கள் என்ற சாட்டில் மறுபடியும் சொல்கிறேன்.

ஓவியத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில் தொடக்கத்திலேயே இழுபறி. வன்னி மன்னன் பண்டாரவன்னியன் தோல்வியுற்ற கற்சிலைமடு இங்கிருந்து கூப்பிடு தூரம். 1803இல் வெள்ளையரை எதிர்த்து நின்ற பண்டாரவன்னியனை நடுவில் வைக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். குளமும் வயலும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலும் போதும் என்றனர் மற்றவர். கடைசியில் மன்னர் ஓரத்தில் குதிரையோடு நிற்க, நடுவில் ஒரு கமக்காரன் சோடி மாடு பூட்டி உழுவதாக முடிவாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஒரு பெண்பிள்ளை சாரத்தில் ஏறிக் கட்டம் கீறி வரையத் தொடங்கினார். மாடுகள் உருவாகி நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் வைத்தாயிற்று. அப்போதுதான் எங்கள் பெரியவர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சாரத்தின் கீழே நின்றார்.

"பிள்ளை, வலத்தை மாட்டை இடத்தையில பூட்டியிருக்கிறியள்," என்றார்.

"அப்பு, மாட்டில வலம் இடம் எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டது பிள்ளை.

"அதின்ரை கழுத்தைப் பாருங்கோ, தெரியும்," என்றார் அவர். நுகம் அழுத்திய தழும்பு எந்தப் பக்கம் சரிந்திருக்கும், ஒரு பக்கம் பழகிய மாடு மற்றப் பக்கம் பூட்டினால் எப்படி முரண்டு பிடிக்கும் என்று அங்கேயே நின்று பாடம் நடத்தினார். பிள்ளை இறங்கி வந்து கேட்டு, மாட்டை மாற்றி வரைந்தது. மறுநாள் பெரியவர் தன் கூட்டாளி ஒருவரைக் காட்டுவதற்காகக் கூட்டி வந்தார். கூட்டாளி சுட்டியைப் பார்த்ததும், "உது என்ரை மாடெல்லோ!" என்றார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்ரை மாட்டுக்குச் சுட்டி எங்கை இருந்தது? உது எங்கடை வீட்டு மாடு," என்றார். அடுத்த நாள் இருவருடைய வீட்டுக்காரிகளும் வந்தார்கள். அதற்கும் அடுத்த நாள் குளத்தடியிலிருந்து வேறு இரண்டு குடும்பங்கள். ஒருவர் கொம்பு உள்வளைவு என்றார். இன்னொருவர் வாலின் நுனி வெள்ளை என்றார். சுவரில் இருக்கும் மாட்டுக்கு உரித்துக் கோரி ஊரில் வழக்கு நடந்தது இந்த நாட்டிலேயே இங்கே மட்டுமாகத்தான் இருக்கும். கிராம அலுவலர் அவர்கள் சிரிக்கிறார், அவரிடமும் போயிருந்தார்கள்.

ஆனால் அந்த வழக்கின் அடியில் இருந்ததை அந்தப் பிள்ளைதான் முதலில் கண்டுபிடித்தது. ஒவ்வொருவரும் சொன்ன அடையாளம், 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் இடம்பெயர்ந்தபோது கட்டை அவிழ்த்துவிட்டு வந்த மாட்டினுடையது. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, மாடும் இல்லை. வீட்டுக்கு விண்ணப்பப் படிவம் இருந்தது, மாட்டைப் பற்றிக் கேட்க எவரும் இல்லை. பிள்ளை ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் நிறம், கொம்பு, சுட்டி, கூப்பிட்ட பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதியது. சோடி மாடு இருந்த சுவரில் குளக்கட்டு நெடுக ஒரு பட்டியே நிற்கிறது இப்போது. சாரத்தின் வாடகை அந்த அளவுக்கு ஏறியது வேறு விடயம். பொருளாளர் அவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

வழக்குப் பேச வந்தவர்களே எங்கள் நிர்வாக சபையானார்கள். பெரியவரிடம் அன்று பெயின்ற் பேணிகளைப் பூட்டி வைக்கும் அறையின் திறப்பைக் கொடுத்தோம். இன்று வரை அவரே காலையில் திறக்கிறார், மாலையில் பூட்டுகிறார், பிள்ளைகளின் சித்திர வகுப்பு முடியும் வரை வாசலில் இருக்கிறார். சம்பளம் என்று ஒரு சதம் கிடையாது. எண்பதைத் தாண்டிவிட்டார், கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது. அவருக்குப் பின் திறப்பை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு எங்கள் சபையில் விடை இல்லை. இளையவர் எவரும் மாதச் சம்பளம் இல்லாமல் நாள் முழுவதும் இங்கே இருக்க இயலாது. இருக்கச் சொல்லிக் கேட்பது நியாயமும் அன்று.

வகுப்புகள், கூத்துப் பழக்கம், பெண்பிள்ளைகளுக்கான மாலை நேர ஒழுங்கு ஆகியவை பற்றி ஆட்கள் என்ற தலைப்பின் கீழ் விரிவாகச் சொல்வதற்கு இருந்தேன். நேரம் போய்விட்டதால் பணத்திற்கு வருகிறேன்.

மண்டபத்தை வைபவங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். பிறந்தநாள்களும் பூப்புனித நீராட்டு விழாக்களும் மின்கட்டணத்தைக் கட்டுகின்றன. அதற்கு மேல் மிஞ்சுவதில்லை. ஒருமுறை அலங்காரம் செய்ய வந்தவர்கள், வெளியே கிடந்த ஏணியைச் சாத்தி, பண்டாரவன்னியனின் குதிரையில் ஆணி அடித்து வண்ணவிளக்கு மாலையைத் தொங்கவிட்டார்கள். அன்று முதல் ஏணியும் உள்ளே பூட்டப்படுகிறது. சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தொடங்கியபோது, ஓவியர்கள் மெழுகிட்டுச் சாயமேற்றும் ‘பற்றிக்’ துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத் தங்கள் காலில் நின்றார்கள். எங்கள் பெண்களும் பனையோலைப் பெட்டி இழைத்து விற்கிறார்கள். அந்தப் பணத்தை அவர்களிடமிருந்து வாங்கிச் சுவருக்குப் பூச எனக்கு மனம் இல்லை.

உதவி நிறுவனங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் நிறையச் செய்திருக்கிறார்கள், நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் வெட்டுவதற்கு நாடாவும் திறப்பதற்கு நினைவுக்கல்லும் உள்ள வேலைக்கே நன்கொடை வருகிறது. வடிகான் துப்புரவாக்குவதற்கு எவரும் நாடா வெட்டுவதில்லை. ஒரு நிறுவனத்திடம் தாழ்வாரத்திற்கு உதவி கேட்டுப் போனபோது, பழைய ஓவியத்தை அழித்துவிட்டுப் புதிதாக வரைவதென்றால் தருகிறோம், பராமரிப்புக்கு எங்கள் திட்டத்தில் இடமில்லை என்றார்கள். பட்டியில் நிற்கும் மாடுகளை அழிக்கவா? எழுந்து வந்துவிட்டேன்.

இது எங்களுக்கு மட்டும் வந்த துன்பமும் அன்று. அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வெள்ள வாய்க்காலின் சுவரில் 1976 முதல் ஜூடி பாக்கா என்னும் ஓவியர் நானூறுக்கும் மேற்பட்ட இளையோரைச் சேர்த்து அரை மைல் நீளத்திற்குக் கலிபோர்னியாவின் சரித்திரத்தை வரைவித்தார். அதை நடத்தும் அமைப்பு ஒரு பழைய பொலிஸ் நிலையத்தையே கலைக்கூடமாக்கிக்கொண்டது. அவ்வளவு பெயர்பெற்ற ஓவியமும் வெயிலில் மங்கி, 2011இல் பெரும் புனரமைப்பைக் காண வேண்டியிருந்தது. நமது நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு இளைஞர்கள் ஊர் ஊராக வீதிச் சுவர்களில் ஓவியம் தீட்டியதை நினைவுகூருங்கள். தீட்டுவதற்கு ஓர் அலை வந்தது. பேணுவதற்கு எந்த அலையும் வரவில்லை. மறுபடியும் அதே பழமொழியைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: சுவரை வைத்துத்தான் சித்திரம்.

தவிசாளர் அவர்களே, இனிப் பேசுவது உங்களோடு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே மாதத் தேர்தல் வரை எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும், தெரிவு செய்யப்பட்ட சபை வரட்டும் என்ற விடையே எமக்குக் கிடைத்தது. இப்போது சபை இருக்கிறது; நீங்கள் இருக்கிறீர்கள். சபை நூலகத்தை நடத்துகிறது, நூலகருக்குச் சம்பளம் கொடுக்கிறது. சந்தையையும் மயானத்தையும் பராமரிக்கிறது. கலைக்கூடம் இந்த வரிசையில் சேரக்கூடாது என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை. அடுத்த ஆண்டுக்கான பாதீட்டில் இதற்கென்று ஒரு தலைப்பு வேண்டும். ஒருமுறை கொடுக்கும் நன்கொடையாக அன்றி, ஆண்டுதோறும் வரும் செலவினமாக அது இருக்க வேண்டும். தாழ்வாரமும் வடிகானும் முதல் ஆண்டில். காவலாளி ஒருவரின் சம்பளம் ஒவ்வோர் ஆண்டும். சுண்ணாம்புப் பூச்சுத் திருத்தம் ஒவ்வொரு சிறுபோக அறுவடைக்குப் பின்னும், மாரிக்கு முன். நிலம் கூட்டுறவுச் சங்கத்தினது, ஆகவே சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லக்கூடும். குத்தகை உடன்படிக்கை எழுதிக்கொடுக்கச் சங்கம் ஒப்புக்கொண்டு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. அதன் பிரதியைத்தான் சற்று முன் உங்கள் பொன்னாடையோடு சேர்த்துக் கையில் தந்தோம்.

தவிசாளர் அவர்கள் மேடையில் வாக்குறுதி தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மேடையில் தந்த வாக்குறுதிகளைக் கொண்டு இந்தச் சுவரின் இருபுறமும் பூசலாம். பாதீட்டுக் கூட்டத்தில் இதை முன்மொழிய வேண்டும் என்பதே வேண்டுகோள். இரு பக்கத்து உறுப்பினர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வழிமொழிவார் என்று நம்புகிறேன்.

ஊரவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வாசலில் பெரியவரின் கதிரைக்குப் பக்கத்து மேசையில் மகஜர் வைக்கப்பட்டிருக்கிறது. தேநீருக்குப் போகும் முன் கையெழுத்திடுங்கள். பெயரோடு முகவரியையும் தெளிவாக எழுதுங்கள். சென்ற முறை முகவரி இல்லையென்று எங்கள் கடிதத்தைத் திருப்பியனுப்பினார்கள். கையெழுத்து வைக்கத் தெரியாதவர்கள் பெருவிரல் வையுங்கள், மை இருக்கிறது. பெருவிரலில் மையோடு போய்ச் சுவரைத் தொட வேண்டாம்.