தோட்டத்துச் சிற்றருவிக்கு ஏற்ற மோட்டார்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் சிறு குளம் ஒன்றை அமைத்து, அதன் கரையில் கல் அடுக்கி, தண்ணீர் வழிந்து விழும்படி ஒரு சிற்றருவியை உண்டாக்க விரும்புவோர் கல்லையும் செடியையும் மீனையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தண்ணீரை ஓயாமல் மேலே ஏற்றித் தர வேண்டிய மோட்டாரை மட்டும், வேலையெல்லாம் முடிந்த பிறகு, கடையில் கிடைப்பதை வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். அருவியின் உயரமும் அகலமும் முடிவாகும் அன்றே மோட்டாரும் முடிவாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கல்லுக்கும் சிமெண்டுக்கும் அடியில் குழாயைப் புதைத்துவிட்டால், பிறகு அதன் அளவை மாற்றுவது அருவியையே இடித்துக் கட்டுவதாகிவிடும்.

முதலில் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்கிடுவோம். தண்ணீர் வழியும் கல்லின் விளிம்பில் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் மணிக்கு 100 முதல் 150 லிட்டர் வரை ஓடினால்தான், அது கல்லோடு ஒட்டிச் சொட்டாமல், அறுபடாத திரையாக விழும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள அருவிக்குக் குறைந்தது மணிக்கு 3000 லிட்டர் வேண்டும் என்றாகிறது. கடையில் அட்டைப் பெட்டியின் மேல் ‘3000 லிட்டர், 3 மீட்டர்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, நமக்கு வேண்டியது இதுதான் என்று எண்ணிவிடுவது இயல்பு. ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் நடப்பவை அல்ல. 3000 லிட்டர் என்பது தண்ணீரை மேலேற்றும் வேலையே இல்லாதபோது கிடைக்கும் ஓட்டம். 3 மீட்டர் என்பது தண்ணீர் ஏறி நின்றுபோகும் உயரம், அங்கே ஓட்டம் பூஜ்யம். உயரம் கூடக்கூட ஓட்டம் குறையும். நடுவில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் அதே மோட்டார் ஏறத்தாழ பாதித் தண்ணீரையே தரக்கூடும். ஆகவே எந்த உயரத்தில் எவ்வளவு ஓட்டம் கிடைக்கும் என்று காட்டும், கையேட்டில் உள்ள வளைகோட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வளைகோடே இல்லாத மோட்டாரை நான் பரிந்துரைப்பதில்லை.

இந்த உயரத்தைத்தான் மோட்டார்க் கடைகளில் ‘ஹெட்’ என்கிறார்கள். அதை மோட்டார் கிடக்கும் அடிமட்டத்திலிருந்து அளக்கக் கூடாது. குளத்தின் நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் உச்சி வரை அளக்க வேண்டும். நீருக்குள் மோட்டார் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும், சுற்றியுள்ள நீரே அந்த அளவுக்குத் தள்ளிக்கொடுத்துவிடும். இதோடு குழாயின் உராய்வால் ஏற்படும் இழப்பையும் சேர்க்க வேண்டும். இங்கேதான் பலருடைய அருவி மெலிந்து போகிறது. மணிக்கு 3000 லிட்டரை, உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள நான்கு மீட்டர் குழாயில் செலுத்தினால், உராய்வுக்கு மட்டும் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஹெட் வீணாகிறது. அதே நீளத்துக்கு 32 மில்லிமீட்டர் குழாயைப் போட்டால் இழப்பு கால் மீட்டரைக்கூடத் தொடாது. அதாவது 1.2 மீட்டர் உயர அருவிக்கு, மெல்லிய குழாய் போட்டவர் மூன்று மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கான மின்சாரத்தைச் செலவிடுகிறார். பெரிய குழாய் போட்டவருக்கு ஒன்றரை மீட்டர் போதும். மோட்டாரின் வாய் சிறிதாக இருந்தாலும், அதை அடுத்து உடனே பெரிய குழாய்க்கு மாறிவிடலாம். மடிப்புமடிப்பான நெளிகுழாயில் உராய்வு இன்னும் கூடும் என்பதையும், குழாயைத் திருப்பும் ஒவ்வொரு எல்போவும் கொஞ்சம் ஹெட்டைத் தின்னும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டார் வீட்டில் சும்மா கிடக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது உயரத்துக்கு ஏற்றுவதற்காக, சிறிது நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. மணிக்கு 3000 லிட்டரை ஒன்றரை மீட்டர் உயர்த்த உண்மையில் தேவைப்படும் திறன் 12 வாட்டுக்குச் சற்று மேல். சிறிய மோட்டார்களில் இழப்பு அதிகம் என்பதால் 50, 60 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். 60 வாட் மோட்டார் நாள் முழுவதும் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 86 யூனிட் ஆகும். அரைக் குதிரைத்திறன் மோட்டாரோ அதே காலத்தில் 540 யூனிட்டுக்கும் குறையாமல் இழுக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதை எண்ணிப் பார்த்தால், குளத்து மோட்டாரின் வாட் அளவு எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். விலை சற்றுக் கூடினாலும் குறைந்த வாட்டில் அதே ஓட்டத்தைத் தரும் மோட்டாரே இலாபம்.

மீன் வளர்ப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இரவில் மோட்டாரை அணைத்துவிடும் பழக்கம் மீன்களுக்கு ஆபத்தானது. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசியும் நீர்ச்செடிகளும் இரவில் அதை உறிஞ்சுகின்றன. விடியலுக்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். நம் கோடையில் நீர் 30 டிகிரிக்குச் சூடாகும்போது, அதில் கரையக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான். வடிகட்டியில் வாழ்ந்து, மீனின் கழிவை நச்சு நீக்கித் தரும் பாக்டீரியாவும் ஓட்டம் நின்றால் மூச்சுத் திணறும். எனவே குளத்தின் மொத்த நீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், கோய் எனப்படும் வண்ணக் கெண்டை மீன்கள் இருந்தால் மணிக்கு ஒரு முறையும் சுற்றி வரும்படி மோட்டாரைத் தேர்ந்தெடுத்து, இரவும் பகலும் ஓடவிட வேண்டும். பேட்டரி இல்லாத சூரிய மின் மோட்டாரை மட்டும் நம்பி மீன் விடக் கூடாது. மீன் இல்லாத வெறும் நீரூற்றானால், நாம் அமர்ந்து பார்க்கும் வேளையில் ஓட்டினால் போதும்; ஆனால் தேங்கிய நீரில் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதால் நாள்கணக்கில் நிறுத்தி வைக்கக் கூடாது. அல்லியும் தாமரையும் அமைதியான நீரை விரும்புபவை. அவற்றை அருவி விழும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

மோட்டாரின் வகையைப் பொறுத்தவரை, எண்ணெய் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரை மீன் குளத்தில் இறக்காதீர்கள். அதன் சீல் தேய்ந்தால் எண்ணெய் நீரில் பரவும். காந்தச் சுழலியுடன் கூடிய, உள்ளே பிசின் வார்த்து அடைத்த சிறு மோட்டார்களில் அந்த அச்சம் இல்லை. சுழலியைக் கையால் கழற்றிக் கழுவவும் முடியும். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரால் அதன் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தால், எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்துத் துலக்கலாம். மோட்டாரைச் சேற்றில் வைக்காமல் செங்கல் மேல் உயர்த்தி வைப்பது இரண்டு வகையில் நல்லது: மண்ணை இழுக்காது, மேலே குழாய் கழன்று தண்ணீர் வெளியே போய்விட்டாலும், மீன்களுக்கு அடியில் கொஞ்சம் நீர் மிஞ்சும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால், நீர் வெளியேறும் பக்கத்தில்தான் வால்வு வைக்க வேண்டும். இழுக்கும் பக்கத்தை ஒருபோதும் நெரிக்கக் கூடாது.

230 வோல்ட் மோட்டாரானால், அந்த இணைப்புக்கென்று 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்சும் முறையான எர்த்தும் கட்டாயம் வேண்டும். நீருக்குள் வயரை ஒட்டுப் போடக் கூடாது. குழந்தைகள் கைவைத்து விளையாடும் நீரூற்றுக்கு, டிரான்ஸ்பார்மரை நனையாத இடத்தில் வைத்து, 12 வோல்ட் மோட்டாரைப் பொருத்துவதையே நான் விரும்புவேன். எந்த மோட்டாராக இருந்தாலும், குளத்துக்குள் கையை விடும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். நன்றி, வணக்கம்.