காளை இல்லாத ரிஷபவாகனர்

நேயர்களுக்கு வணக்கம். அருங்காட்சியகத்துக்குப் போவதில் அப்படி என்ன சுகம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் பாடப்புத்தகம் ஆகிவிடும். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற ஒரு சிலையைப் பற்றிச் சொல்கிறேன்.

தஞ்சை அரண்மனைக்குள் கலைக்கூடம் இருக்கிறது. 1951இல் தொடங்கியது. அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். ஏறக்குறைய மூன்றரை அடி உயரச் செப்புத் திருமேனி. முதலாம் ராஜராஜன் காலத்தில், 1011இல் செய்தது. அடுத்த ஆண்டு செய்து வைத்த அம்மையும் பக்கத்திலேயே இருக்கிறார். கோயில் கல்வெட்டே இதைச் சொல்கிறது. நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்து, 1950களின் தொடக்கத்தில் வெளியே வந்தவர்கள்.

சிவனுக்கு இங்கே இரண்டே கைகள். மானும் மழுவும் இல்லை. சடையைப் பாம்புகளோடு சேர்த்துச் சுற்றித் தலைப்பாகைபோல் கட்டியிருக்கிறார். ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே வைத்து, வலது கையை மடக்கிக் காளையின்மேல் சாய்ந்து நிற்கிறார். காளையைத்தான் காணோம். கை மட்டும் வெறும் வெளியில் இருக்கிறது. ஆனால் அந்த முன்கை தளர்ந்து கிடக்கிற விதத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். காளையின் உயரம் என்ன, எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். சிற்பி காளையின் பாரத்தையும் அந்தத் தோளிலேயே வைத்துவிட்டான்.

கோயிலில் உற்சவரை நாம் இப்படிப் பார்த்ததே இல்லை. பட்டு, மாலை, நகை, கவசம் எல்லாம் போக மிஞ்சுவது முகம். அதையும் முழுதாகப் பார்ப்பதற்குள் பின்னால் இருப்பவர் முதுகில் கை வைத்துவிடுவார். குறை சொல்லவில்லை; கோயிலுக்குப் போவது வேறு காரியத்துக்கு. இங்கே இடுப்பு வளைவையும், முழங்காலையும், கால் விரல் நகத்தையும் ஆற அமரப் பார்க்கலாம். யாரும் விரட்டுவதில்லை. இந்த அவகாசத்துக்காகத்தான் நான் போகிறேன்.

பார்க்கப் பார்க்கச் செய்தவனின் கை தெரியத் தொடங்கும். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் பிடித்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். ஆனால் நம் அருங்காட்சியகங்கள் பலவற்றில் சிலையின் கீழே இருக்கிற அட்டை பெயரையும் நூற்றாண்டையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். எனக்கு அதில் தீராத வருத்தம்.

ஒரு யோசனை. ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் சுற்றிவிடப் பார்க்காதீர்கள், கால்தான் வலிக்கும். ஒன்றைத் தேர்ந்துகொண்டு போங்கள். மீதியைப் பிறகு பார்க்கலாம்.

சென்னைவாசிகளுக்குத் தஞ்சை தூரமென்றால், 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் அவரைப் புகைப்படத்தில்தான் பார்த்தார். அதற்கே மயங்கி ஒரு கட்டுரை எழுதிவைத்தார். நாம் பஸ் ஏறினால் நேரிலேயே பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று விடுமுறை. வணக்கம்.