குட்டநாட்டில் ஓர் இரவு

நேயர்களுக்கு வணக்கம்.

கேரளத்தின் ஆலப்புழையில் படகு வீட்டில் ஏறுகிறவர்கள் காயலை, அதாவது கடலோர உப்பங்கழியைப் பார்க்கத்தான் ஏறுகிறார்கள். நீங்கள் போனால், மேல்தளத்துக்குச் சென்று கரைக்கு அப்பாலும் பாருங்கள். தென்னை வரிசைக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் நெல்வயல், நம் படகு மிதக்கும் தண்ணீரைவிடத் தாழ்வாக இருக்கும். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் அச்சமாகவே இருந்தது. நடுவில் நிற்பது ஒரு மண்கரை மட்டும்தானே!

பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் வந்து சேரும் பூமி குட்டநாடு. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரை தாழ்ந்த நிலத்தில் இங்கே நெல் விளைகிறது. 2013ஆம் ஆண்டில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இந்தச் சாகுபடி முறையை உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது. காயலிலிருந்து மீட்ட நிலம் தானாக வந்ததல்ல. தென்னங்கழிகளை இரண்டு வரிசையாகத் தண்ணீரில் அடித்து இறக்கி, மூங்கில் தட்டி கட்டி, மணலும் தழையும் நிரப்பி, மூழ்கி மூழ்கி அள்ளிவந்த களிமண்ணால் கரை எழுப்பினார்கள். உள்ளே நின்ற நீரை மரச்சக்கரம் மிதித்து வெளியேற்றினார்கள். 1940களில் சித்திரை, மார்த்தாண்டம், ராணி ஆகிய மூன்று காயல் நிலங்களை மீட்டவர் என்று ஜோசப் முரிக்கன் பெயரை இன்றும் சொல்கிறார்கள். மண் அள்ளியவர்களில் பெரும்பாலோர் புலையர் முதலான சமூகங்களைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்கள். அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கரைகளைக் கடக்கும்போதெல்லாம் இது எனக்கு உறுத்துகிறது.

நமக்கும் இந்த மண்ணோடு உறவு உண்டு. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் பூர்வீக ஊரான மங்கொம்பு குட்டநாட்டில்தான் இருக்கிறது.

இனி, நாம் ஏறும் படகு. மூலத்தில் இது நெல்லும் சரக்கும் ஏற்றிக் கொச்சிக்குப் போன கெட்டுவள்ளம், அதாவது கட்டிச் செய்த படகு. ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டி, முந்திரித்தோட்டு எண்ணெய் பூசிக் கறுப்பாக்குவார்கள். சாலைகளும் லாரிகளும் வந்ததும் வள்ளங்களுக்கு வேலை போயிற்று. பிறகு அவற்றின்மேல் மூங்கிலும் பாயும் வேய்ந்து அறைகள் கட்டினார்கள். சாப்பாட்டைப் பற்றி நீட்ட மாட்டேன். சிவப்பரிசிச் சோறும் வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீனும் கிடைக்கும். அவ்வளவு போதும்.

படகு காயலை விட்டுக் கால்வாய்க்குள் திரும்பியதும் வீடுகள் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். வாசல்தோறும் தண்ணீரில் இறங்கும் படித்துறை. ஓர் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் எஞ்சின் சத்தம் கேட்டதுமே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தட்டுகளையும் கிண்ணங்களையும் இரண்டு படி மேலே ஏற்றி வைத்தார். படகு கடந்தது. அலை வந்து கீழ்ப்படியைக் கழுவிவிட்டுப் போனது. மறுபடியும் பாத்திரங்களைக் கீழே இறக்கினார். ஒரு நாளில் எத்தனை படகுகள் போகின்றன! அதனால்தான் கேட்கிறேன்: படித்துறை வரும் இடங்களில் வேகத்தைக் குறைக்கும்படி படகோட்டியிடம் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரர்களைக் கேட்காமல் புகைப்படம் எடுக்காதீர்கள். நாம் கடந்து போவது அவர்களுடைய வீட்டு முற்றத்தை.

மாலை ஐந்தரை மணிவாக்கில் படகு வீடுகள் கரையில் கட்டப்பட்டுவிட வேண்டும். இருட்டிய பிறகு மீனவர்கள் வலை விரிப்பார்கள், அதற்காக இந்த ஏற்பாடு. காசு கொடுத்தும் ஓரிடத்தில் நிற்கிறதே என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. எனக்கோ இது அந்த நாளின் மிகச் சிறந்த பகுதி. கரைமேல் நடக்கலாம். ஒரு பக்கம் இடுப்பளவுக்குக் கீழே வயல், மறுபக்கம் காலைத் தொடும் உயரத்தில் தண்ணீர். பம்பு கொட்டகையைக் கண்டால் நின்று பாருங்கள். பெட்டியும் பறையும் என்று ஊரார் சொல்லும் மர அமைப்பு, வயலில் தேங்கும் நீரை மேலேற்றி ஆற்றில் கொட்டுகிறது. இந்த வேலை நின்றால் பயிர் மூழ்கிவிடும்.

காயலின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கோடையில் உப்புநீர் ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். மதகுகளை மூடினால் நெல்லுக்கு நல்லது. ஆனால் கடலிலிருந்து ஏறிவரும் இறாலுக்கும் மீனுக்கும் வழி அடைபடுகிறது. தேங்கிய நீரில் ஆகாயத்தாமரை மண்டுகிறது. உழவருக்கும் மீனவருக்கும் இடையே நீண்டகாலமாக உள்ள பிணக்கு இது, இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதன்மேல் நம் படகுகளின் டீசலும் கழிவும் சேரக் கூடாது. பதிவு செய்யும்போதே கழிவுத் தொட்டி இருக்கிறதா, அதை எங்கே காலி செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வேறு படகைப் பாருங்கள்.

‘புஞ்ச’ என்று ஊரார் சொல்லும் பருவத்து நெல் பச்சையாக நிற்பதைக் காண டிசம்பர், ஜனவரி ஏற்ற மாதங்கள். படகு வீட்டில் ஏறுவதற்கு முன் ஒரு பகலை ஒதுக்கி, ஆலப்புழை பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள படகுத்துறையிலிருந்து கோட்டயம் போகும் அரசுப் படகில் சென்று வாருங்கள். டிக்கெட் விலை மிகக் குறைவு. பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகிறவர்களும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இரவில் எந்த ஊர்ப் பக்கம் தங்கலாம் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.