சுவரா, பிள்ளையா?

நடுவர் அவர்களே, வணக்கம். கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்த பழைய அறக்காப்பகத்தின் பயன் மாறுவது வளர்ச்சியா, வாக்குத் தவறுவதா என்பது தலைப்பு. வளர்ச்சிதான் என்கிறது எங்கள் அணி.

எதிரணி நண்பர், "பிள்ளைகள் படுத்த இடத்தில் படம் மாட்டி டிக்கெட் விற்கிறார்கள்" என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, அந்தப் பிள்ளைகள் எப்படிப் படுத்திருந்தார்கள் என்று கேட்டாரா?

லண்டனுக்குப் போவோம். தெருவில் கிடந்த சிசுக்களைக் கண்டு பொறுக்காத தாமஸ் கோரம் என்ற கப்பல் கேப்டன், பல ஆண்டுகள் அலைந்து 1739-இல் அரச சாசனம் வாங்கித் தொடங்கியது ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல். பெயரில்தான் ஹாஸ்பிட்டல், உண்மையில் குழந்தைகள் காப்பகம். பிள்ளையை விட்டுப் போகும் தாய், என்றாவது திரும்பி வந்தால் அடையாளம் காட்ட ஒரு துணித்துண்டோ காசோ விட்டுப் போவாள். பிள்ளைக்குப் புதுப் பெயர் வைத்து, கிராமத்தில் ஒரு வளர்ப்புத் தாயிடம் கொடுப்பார்கள். அது அவளையே அம்மா என்று நம்பி வளரும். ஐந்து வயதையொட்டி அங்கிருந்தும் பிரித்துக் கொண்டுவந்து, சீருடை மாட்டி வரிசையில் நிறுத்துவார்கள். ஒரே பிள்ளை இரண்டு முறை தாயை இழந்தது, ஐயா! உயிர் காத்த இடம்தான், மறுக்கவில்லை. அதற்காக அந்த வரிசையை இன்றும் நிறுத்தி வைக்க வேண்டுமா?

1920-களில் இடத்தை விற்றுவிட்டு, பிள்ளைகளை நகருக்கு வெளியே கொண்டுபோனார்கள். கட்டடம் இடிபட்டது, அதில் எனக்கும் வருத்தம்தான். 1950-களில் விடுதியும் மூடப்பட்டது. அறம் மூடப்பட்டதா? அதே அமைப்பு கோரம் பெயரில் இன்று பிள்ளைகளுக்குத் தத்துப் பெற்றோரைத் தேடித் தருகிறது. படுக்கை கொடுத்த கை, வீடு கொடுக்கிறது.

இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் 1445-இல் திறந்த இன்னொசெந்தி காப்பகத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது, டிக்கெட்டும் உண்டு. அங்கேயே யுனிசெஃபின் ஆய்வு மையமும் வந்தது. உலகக் குழந்தைகளின் நிலையை ஆராயும் மையம். நண்பர் டிக்கெட் ஜன்னலோடு திரும்பிவிட்டார் போல.

அப்புறம், லண்டனில் இடித்த இடம் என்ன ஆனது? 1936 முதல் 'கோரம்ஸ் ஃபீல்ட்ஸ்' என்ற குழந்தைகள் விளையாட்டுத் திடல். பெரியவர்கள் தனியாக நுழைய முடியாது. கூட ஒரு குழந்தை இருக்க வேண்டும். பழைய சுவரைத் தேடி எதிரணியினர் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உங்களையும்தான், நடுவர் ஐயா. மறக்காமல் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள்!