அண்டார்டிகாவின் கடல்தரையில் நண்டு ஏன் இல்லை?

ஒரு நேயர் கேட்கிறார்: "அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கண்டத்திட்டில், அதாவது கரையை ஒட்டிய கடல்தரை மேடையில், நண்டும் சுறாவும் கிடையாதாமே? அப்படியானால் அந்தக் கடல்தரை வெறுமையாகத்தானே கிடக்கும்?"

வெறுமையா? வெட்டல் கடலில் கேமராவை இறக்கினால், விலங்குகள் மூடி மண்ணே தெரியாத இடங்கள் உண்டு. ஆள் உயரத்துக்கு வளரும் கண்ணாடிக் கடற்பஞ்சுகள், அவற்றின் மேல் ஏறி நிற்கும் இறகு நட்சத்திரங்கள், கடல் அட்டைகள், மென்பவளங்கள். பெரும்பாலும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, நீரில் மிதந்து வருவதை வடிகட்டித் தின்பவை.

மற்றக் கண்டத்திட்டுகளில் நண்டும் திருக்கையும் இரையின் மேலோட்டை நொறுக்கித் தின்கின்றன. அசையாமல் நிற்பது அங்கே ஆபத்து. அண்டார்டிகாவில் நீர் ஏறக்குறைய மைனஸ் 1.8 டிகிரி வரை குளிர்ந்திருக்கிறது. அந்தக் குளிரில் நண்டு தன் இரத்தத்திலுள்ள மக்னீசியத்தைப் போதிய அளவு வெளியேற்ற முடிவதில்லை. அது மயக்க மருந்துபோல் வேலை செய்து உடலை முடக்கிவிடுகிறது என்பதே பரவலான விளக்கம். மக்னீசியத்தைக் குறைவாக வைத்துக்கொள்ளும் சில இறால் இனங்கள் மட்டும் தப்பிப் பிழைக்கின்றன. அதற்காக வேட்டையாடுவோரே இல்லாமல் இல்லை. நட்சத்திரமீன், ரிப்பன் புழு, கடற்சிலந்தி எல்லாம் உண்டு, ஆனால் நிதானமானவர்கள்!

ஒரே ஒரு படத்தைப் பார்த்து மொத்தக் கண்டத்திட்டும் இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். மிதந்து வரும் பனிப்பாறைகள் கடல்தரையை உழுதுகொண்டே போகின்றன. உழப்பட்ட இடத்தில் முதலில் வேறு கூட்டம் குடியேறும். பக்கத்திலேயே பழைய கடற்பஞ்சுத் தோட்டம் நிற்கும். சேறா, கல்லா என்பதும் கணக்கில் உண்டு. கடற்பஞ்சுகள் மிக மெதுவாகவே வளரும் என்றுதான் முன்பு எண்ணியிருந்தார்கள். ஆனால் 1995இல் லார்சன் ஏ என்ற, கடல்மேல் மிதந்த பனித்தட்டு உடைந்த இடத்தில், 2007க்கும் 2011க்கும் இடையே கண்ணாடிக் கடற்பஞ்சுகளின் எண்ணிக்கை மூன்று மடங்கானது. மேலே மூடியிருந்த பனி போனதும் வெளிச்சம் வந்தது, மிதவைப் பாசி பெருகியது, கீழே உணவு இறங்கியது.

"கடல் சூடானால் நண்டு வருமா?" என்றும் அதே நேயர் கேட்டிருக்கிறார். அண்டார்டிக் தீபகற்பத்தின் மேற்கில், பால்மர் டீப் என்ற பள்ளத்தில், ஏறத்தாழ 850 மீட்டருக்குக் கீழே ராஜநண்டுகள் கூட்டமாக வாழ்வது 2011இல் தெரியவந்தது. அந்த ஆழத்து நீர், மேலே உள்ளதைவிடச் சற்றே வெதுவெதுப்பானது. நண்டு இருக்கும் ஆழத்தில் நட்சத்திரமீன் வகையறாக்களைக் காணவில்லை. அதற்கு மேலே அவை இருந்தன.